குளிரில் முரண்டு பிடிக்கும் துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் விடைகளும்

சென்ற இதழில் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் துடைத்துப் பாதுகாப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால், பெரும்பாலானவை அதைப் பற்றியே இல்லை. கவுந்தப்பாடி, காங்கேயம், திருச்செங்கோடு, திருப்பூர் என்று நம் பக்கத்து ஊர்களின் அஞ்சல் முத்திரையோடு வந்திருந்தாலும், அவை கேட்பதெல்லாம் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குடியேறி, அங்கே முறையாக உரிமம் எடுத்து வாத்து வேட்டைக்குப் போகப் பழகிவிட்ட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வைத்திருக்கும், ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைப் பற்றித்தான். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இவ்வகையைப் பொதுவாகத் தடைசெய்யப்பட்ட பிரிவில் வைத்திருப்பதால், பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்ற நம் விவசாயிகள் இதைக் கையில் எடுத்திருக்க வாய்ப்பு குறைவு. ராணுவப் பணிமனையில் ஆயுதம் பழுதுபார்த்தவன், லடாக்கின் குளிரையும் பார்த்தவன் என்பதால் விடையளிக்கும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் விட்டிருக்கிறார். கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகன் கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வேலை செய்கிறான். கேஸில் இயங்கும் பழைய 12 போர் அரைத் தானியங்கி ஒன்றை வாங்கியிருக்கிறான். செப்டம்பரில் நன்றாக ஓடிய துப்பாக்கி, நவம்பர் கடைசியில் பூச்சியத்துக்குக் கீழே 15 டிகிரி குளிரில் தகராறு செய்கிறது. முதல் தோட்டா வெடித்த பிறகு வெறுங்கூடு சில நேரம் வெளியே விழாமல் சிக்கிக்கொள்கிறது. சில நேரம் அடுத்த தோட்டா பாதி நுழைந்து நிற்கிறது. நிறைய எண்ணெய் விட்டும் பயனில்லை என்கிறான். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் கோளாறே தெரிவதில்லையாம். அவன் கழற்றி எடுத்த படங்களை இணைத்துள்ளேன்.
வாசகர், கவுந்தப்பாடி

விடை: "நிறைய எண்ணெய் விட்டும் பயனில்லை" என்பதை "நிறைய எண்ணெய் விட்டதால் பயனில்லை" என்று திருத்தி வாசித்தீர்களானால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். குளிரில் நின்றுபோகும் அரைத் தானியங்கிகளில் பெரும்பாலானவை குளிரால் நிற்பதில்லை; நாம் உள்ளே ஊற்றிவைத்ததும் நாம் உள்ளே அழைத்துவந்த ஈரமும்தான் அவற்றை நிறுத்துகின்றன.

முதலில் அது எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா வெடித்ததும் ரவை குழலுக்குள் முன்னோக்கிப் பாயும்போது, குழலின் அடிப்புறத்தில் உள்ள சிறு துளைகள் வழியாக வெடிப்புக் காற்றில் (கேஸில்) ஒரு பங்கு கீழே இறங்கிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தள்ளிய வேகத்தில், தோட்டா அறையைப் பின்புறம் மூடியிருக்கும் போல்ட் பூட்டுத் திறந்து பின்னால் ஓடி, வெறுங்கூட்டை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, ஒரு ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு போய் நிற்கிறது. பிறகு அந்த ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ள, அது அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிப் பூட்டுகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பின்னோக்கிய ஓட்டத்துக்கு வெடிமருந்தின் பலம் இருக்கிறது. முன்னோக்கிய ஓட்டத்துக்கு அந்த ஒரு ஸ்பிரிங்கைத் தவிர வேறு துணை கிடையாது. ஆகவே கூடு சிக்கினால் பின்னோட்டம் குறைந்திருக்கிறது என்றும், புதுத் தோட்டா பாதியில் நின்றால் முன்னோட்டம் சோர்ந்திருக்கிறது என்றும், தோட்டாக் குழாயிலிருந்து தோட்டாவே வரவில்லை என்றால் அந்தக் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பிரித்தறிய வேண்டும். உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் மாறி மாறி நடக்கின்றன. இரண்டு ஓட்டத்தையும் ஒருசேரப் பிடித்து இழுக்கும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்பது இதன் பொருள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் நான்காவது அதைக் காட்டிக்கொடுக்கிறது. பின்கட்டையைக் கழற்றி, அதற்குள் இருக்கும் இரும்புக் குழாயிலிருந்து, போல்ட்டை முன்னால் தள்ளும் அந்த ஸ்பிரிங்கை, அதாவது ரிட்டர்ன் ஸ்பிரிங்கை, உருவி வெள்ளைத் துணிமேல் வைத்திருக்கிறார். சுருள்களுக்கு இடையில் தேன் நிறத்தில் ஒரு பசை இழை இழையாகத் தொங்குகிறது. துணியில் அது பட்ட இடத்தைச் சுற்றித் துருவின் செம்மை ஓர் ஓரமாகப் பரவியிருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் மேலே விட்ட எண்ணெய் எல்லாம் ஆண்டுக்கணக்கில் வழிந்து இறங்கி, மருந்துப் புகையோடும் தூசியோடும் கலந்து, அங்கே குடிகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் 20 டிகிரி வெப்பத்தில் அது இளகிக் கிடப்பதால் போல்ட் வழுக்கி ஓடுகிறது. வயல்வெளியில் அதே பசை இறுகிவிடுகிறது. மார்கழி மாதக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, உச்சி வெயிலில் அதே பாட்டில் தண்ணீராய் இருக்கும் அல்லவா, அதே கதைதான் இது. சாதாரணக் கனிம எண்ணெயிலும் மெழுகுத் தன்மையுள்ள பொருள் கொஞ்சம் கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது படிகமாகி எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டிப்போடுகிறது. கிரீஸ் என்றால் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும். நம் ஊர் இரட்டைக் குழலை ஒடித்துத் திறந்தால் இரண்டு அறையும் கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும். இதில் அப்படி இல்லை. அறையில் இருந்த தோட்டாவை எடுத்தாலும் குழலுக்கு அடியில் உள்ள தோட்டாக் குழாயில் இன்னும் தோட்டாக்கள் ஒளிந்திருக்கலாம். போல்ட்டைத் திறந்து நிறுத்தி, அறையையும் குழாயின் வாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

பிறகு தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரிசைப்படி போல்ட், பிஸ்டன், விசைத் தொகுதி, ரிட்டர்ன் ஸ்பிரிங் ஆகியவற்றைக் கழற்றி, துப்பாக்கிக்கென்று விற்கும் கரைப்பானில் கழுவிப் பழைய எண்ணெயின் சுவடே இல்லாமல் எடுத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயிலும் கழுவலாம் என்றாலும் அது ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும். அதையும் துணியால் துடைத்து உலரவிட வேண்டும். ஸ்பிரிங் இருந்த குழாய்க்குள் துணி சுற்றிய குச்சியை விட்டு, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைக்க வேண்டும். அந்தக் குழாயின் அடியில் ஈரம் வடிவதற்கென்று சிறு துளை இருக்கும் மாதிரியானால் அது அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே தேங்கிய தண்ணீர் உறைந்தால் எண்ணெயே தேவையில்லை, பனிக்கட்டியே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கைத் துரு தின்றிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. துப்பாக்கியின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவன்று.

குழலில் உள்ள கேஸ் துளைகளில் கரி படிந்திருந்தால் பின்னோட்டத்தின் பலம் குறையும். அவற்றைக் கரைப்பானில் ஊறவைத்து, துளையின் அளவுக்குப் பொருந்தும் தூரிகையால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும்; "கொஞ்சம் பெரிதாக்கினால் நன்றாக ஓடும்" என்று டிரில் போட நினைக்கும் ஆசாமிகள் எல்லா நாட்டிலும் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாது. பழைய கேஸ் வகைகளில், 1963இல் வந்த ரெமிங்டன் 1100 போன்றவற்றில், கேஸ் வெளியேறாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வயதானால் அது இறுகி விரிசல் விடும். கோடையில் எப்படியோ தாக்குப்பிடித்த வளையம் குளிரில் கைவிட்டுவிடும். பழைய துப்பாக்கி வாங்கியவர்கள் எதையும் ஆராயாமல் அதை மாற்றிவிடலாம்.

இனி எண்ணெய். கடுங்குளிருக்கென்று விற்கப்படும் செயற்கை எண்ணெயில் ஒரு சொட்டைத் துணியில் விட்டு, அந்தத் துணியால் போல்ட் ஓடும் தடங்களையும் பூட்டும் பகுதியையும் துடைத்தால் போதும். விரலால் தொட்டால் பளபளப்புத் தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளை முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் அது இறுகி, பின்னின் அடியை மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும். தோட்டா அறையும் உலர்ந்தே இருக்க வேண்டும். விசைத் தொகுதியின் அச்சுகளுக்கு ஊசி முனையில் எடுத்த அளவே அதிகம். கேஸ் வகையின் பிஸ்டனுக்கு எண்ணெய் விட வேண்டுமா என்பதில் தயாரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் மாறுபடுகிறார்கள். அதில் கையேடு சொல்வதே இறுதி.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் தையல் மெஷின்களுக்கு விடும் வெள்ளை எண்ணெய் மிக மெல்லியதாக இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் என் மச்சான் தன் துப்பாக்கிக்கு அதை அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
வாசகர், திருப்பூர்

விடை: மெல்லிய எண்ணெய் என்று மச்சான் நினைத்தது சரியான திசைதான். ஆனால் ஓர் எண்ணெய் திருப்பூரின் 30 டிகிரியில் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதை வைத்து அது ஒன்டாரியோவின் ஜனவரியில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. எண்ணெய் டிரம்மோடு வரும் விவரத்தாளில் 'போர் பாயின்ட்' என்று ஒரு வெப்பநிலை இருக்கும். அதற்குக் கீழே அந்த எண்ணெய் ஓடாது. துப்பாக்கியை எந்தக் குளிரில் பயன்படுத்துகிறாரோ, அதற்கு இருபது டிகிரியாவது கீழே அந்த எண் இருப்பது நல்லது, ஏனென்றால் ஓடாமல் நிற்பதற்கு வெகு முன்பே எண்ணெய் தடித்துப் போல்ட்டை இழுக்கத் தொடங்கிவிடும். பாலிஆல்ஃபாஓலிஃபின் (பி.ஏ.ஓ.) வகைச் செயற்கை எண்ணெய்களில் அது பூச்சியத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டிப் போகிறது.

உங்கள் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் பகுதி சாதாரணமாகப் பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் ஓடுகிறது. ஒரு எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் தையல் மெஷின் எண்ணெய், வண்டிக்கு விடும் இன்ஜின் ஆயில், நல்லெண்ணெய் என்று ஒவ்வொரு சொட்டு வரிசையாக விட்டு, இரவு முழுக்க ஃப்ரீசரில் படுக்கையாக வைத்து, காலையில் உள்ளேயே தட்டைச் சாய்த்துப் பாருங்கள். எது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும். இன்ஜின் ஆயில் டப்பாவில் 15டபிள்யூ, 5டபிள்யூ, 0டபிள்யூ என்று அச்சிட்டிருப்பதும் இந்தக் குளிர்க் கணக்குதான்: 15டபிள்யூ எண்ணெயைப் பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியிலும், 0டபிள்யூ எண்ணெயைக் கீழே 35 டிகிரியிலும் வைத்து, குளிர்ந்த இன்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள். குளிர்நாட்டு வேட்டைக்காரர்களில் சிலர் 0டபிள்யூ-20 செயற்கை ஆயிலையே துப்பாக்கிக்குத் தடவுவதன் காரணம் இதுதான்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் மறந்துவிடச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும்; நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும்; விளக்கெண்ணெய் நம் ஊர் வெயிலிலேயே தடித்துத்தான் இருக்கும். எண்ணெயே வேண்டாம் என்பவர்கள் கிராஃபைட் அல்லது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த உலர் பூச்சைப் பயன்படுத்துகிறார்கள். அது குளிரில் இறுகாது. ஆனால் துருவைத் தடுக்காது என்பதால் கழற்றித் துடைக்கும் வேலை கூடும். அமெரிக்க ராணுவம் கடுங்குளிர்ப் பகுதிகளுக்கென்று தனியாக ஓர் ஆர்க்டிக் ஆயுத எண்ணெயே வைத்திருக்கிறது. ஆகையால் மச்சான் அங்கேயே நல்ல குளிர்கால எண்ணெய் ஒரு சிறு பாட்டில் வாங்கிக்கொள்ளட்டும்; ஓரிரு பருவங்களுக்கு வரும். பார்சலில் பருப்புப் பொடியை மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: ஐயா, கனடாவில் இருக்கும் என் மகனிடம் மருமகள், "வேட்டை முடிந்து வந்தால் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், வெளியே கராஜிலேயே இருக்கட்டும்" என்கிறாளாம். மகனோ, குளிரில் கிடந்த துப்பாக்கியை உள்ளே வைத்துச் சூடேற்றினால்தான் மறுநாள் ஓடும் என்கிறான். எனக்கு இருவரில் யார் சொல்வது சரி என்பதைவிட, துப்பாக்கியை வெளியே வைப்பது ஆபத்தில்லையா என்பதே கவலையாக இருக்கிறது.
வாசகி, காங்கேயம்

விடை: அம்மா, துப்பாக்கியைப் பொறுத்தவரை மருமகள் சொல்வதே சரி. குளிர்நாட்டு வீடுகளுக்குள் அடுப்பும் குளியலும் மூச்சும் சேர்ந்து காற்றில் ஈரத்தை நிரப்பி வைத்திருக்கின்றன. பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் கிடந்த இரும்பு அதற்குள் வந்ததும், அந்த ஈரம் இரும்பின்மேல் வியர்வையாகப் படிகிறது. வெளிப்புறத்தில் படிவதைத் துடைத்துவிடலாம். போல்ட்டுக்குள்ளும் விசைத் தொகுதிக்குள்ளும் ஃபயரிங் பின் துளைக்குள்ளும் படிவது கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் விடியற்காலை அதே துப்பாக்கியை வெளியே எடுத்துச் சென்றால், உள்ளே படிந்த அந்தத் தண்ணீர் உறைந்து பாகங்களை ஒட்டவைத்துவிடும். "வீட்டில் நன்றாகத்தான் இருந்தது, வயலில் போய் நின்றுவிட்டது" என்று புலம்புபவர்களில் பலர் முந்தைய இரவில் செய்தது இதுதான்.

அடுத்தடுத்த நாட்களில் வேட்டைக்குப் போவதாக இருந்தால் துப்பாக்கி குளிரிலேயே இருந்துவிடுவது நல்லது. உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், வெளியில் இருக்கும்போதே காலி செய்து, காற்றுப் புகாத உறையில் வைத்து ஜிப்பை மூடி, பிறகு உள்ளே கொண்டுவந்து, உறையைத் திறக்காமல் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். அப்போது ஈரக்காற்று இரும்பைத் தொடுவதற்குள் இரும்பு அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு உறையிலிருந்து வெளியே எடுத்து, கழற்றித் துடைத்து, உலரவிட வேண்டும். உறைக்குள்ளேயே விட்டுவிட்டால் துரு பிடிக்கும்.

உங்கள் கவலை நியாயமானது, அதற்கும் விடை இருக்கிறது. கனடாவின் சட்டப்படி துப்பாக்கியைத் தோட்டா இல்லாமலும் பூட்டியும்தான் வைக்க வேண்டும். கராஜில் வைத்தாலும் அந்த விதி மாறாது. அதற்கு மேலும் பாதுகாப்பாக இருக்க நான் சொல்வது: சுவரோடு பொருத்திய பூட்டுள்ள இரும்புப் பெட்டி, விசைக்குத் தனிப் பூட்டு, தோட்டாக்கள் வேறொரு பூட்டிய இடத்தில், சாவி பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில். இந்த நான்கும் இருக்கிறதா என்று மகனிடம் நீங்களே கேளுங்கள். அம்மா கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். காருக்குள் வைத்துவிட்டு வருவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டாவில் வேலை செய்கிறேன், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். என்னுடையது கேஸ் வகை இல்லை, இனர்ஷியா வகை. டிசம்பரில் விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒலி மட்டும் வருகிறது. தோட்டாவை எடுத்துப் பார்த்தால் அடிப்புறத்தில் பின் பட்ட தடமே இல்லை, அல்லது லேசாக இருக்கிறது. தோட்டாவின் குறையா?
வாசகர், நாமக்கல்

விடை: பெரும்பாலும் தோட்டாவின் குறை இல்லை. பெனெல்லி நிறுவனத்தால் பரவலாக அறியப்பட்ட இவ்வகையில் கேஸ் துளையோ பிஸ்டனோ கிடையாது. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னோக்கி உதைக்கிறது. கனமான போல்ட் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்க முயல்வதால், போல்ட் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள தடித்த குட்டை ஸ்பிரிங் அழுத்தப்படுகிறது. அது விரியும்போது போல்ட்டைப் பின்னால் எறிகிறது. பாகங்கள் குறைவு, கரி உள்ளே சேர்வதும் குறைவு என்பதால் குளிர்நாட்டார் பலர் இதையே விரும்புகிறார்கள், நானும் அவர்கள் பக்கம்தான்.

இதில் போல்ட் தலை கடைசி நொடியில் சற்றுத் திரும்பித்தான் பூட்டுகிறது. ஓசை கேட்டுப் பறவை கலைந்துவிடக் கூடாதே என்று கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக மூடினாலோ, நடக்கும்போது கைப்பிடி எதிலாவது லேசாகத் தட்டினாலோ, தடித்த கிரீஸ் போல்ட்டை இழுத்தாலோ, தலை அந்தக் கடைசித் திருப்பத்தை முடிக்காமல் நின்றுவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் மூடியதுபோலவே தெரியும். உற்றுப் பார்த்தால் போல்ட் உடல் தன் இடத்துக்கு ஒரு நூல் பின்னால் நிற்கும். அந்த நிலையில் விசைத் தொகுதியின் சுத்தியல் பின்மேல் விழுந்தாலும் அடி முழுதாகப் போய்ச் சேராது. ஆகவே போல்ட்டைக் கையால் நடத்திச் செல்லாமல், முழுவதும் பின்னிழுத்துக் கைவிட்டுவிட வேண்டும். அதன் சொந்த வேகத்தில் அடித்து மூடட்டும். வழியில் கைப்பிடி தட்டுப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் உள்ளங்கையால் ஒருமுறை முன்னோக்கித் தள்ளிவிடலாம். போல்ட் தலை திரும்பும் பகுதியில் உள்ள கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டு, மெல்லிய குளிர்கால எண்ணெயைத் துடைப்பாகப் பூச வேண்டும். இவ்வகைகள் பலவற்றிலும் ரிட்டர்ன் ஸ்பிரிங் பின்கட்டைக்குள்தான் இருக்கிறது. கவுந்தப்பாடி வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்று: துப்பாக்கி பின்னால் உதைக்க இடம் கொடுக்க வேண்டும். கனமான குளிர் அங்கிகள் பல அடுக்காக இருந்தால் தோளில் சரியாகப் பதியாது. மரத்திலோ கட்டையிலோ முட்டுக்கொடுத்துச் சுட்டாலும் ஓட்டம் கெடும். துப்பாக்கியில் கனமான துணைப்பொருட்களை ஏற்றுவதும் அப்படியே.

'டிக்' ஒலி வந்ததும் போல்ட்டைத் திறந்து பார்க்கும் அவசரம் கூடாது. குளிரில் மருந்து தாமதமாகப் பற்றுவது அபூர்வம் என்றாலும் நடக்கக்கூடியதே. குழலை ஆளில்லாத பாதுகாப்பான திசையில் அப்படியே பிடித்து அரை நிமிடமாவது காத்திருந்து, பிறகு திறக்க வேண்டும்.

கேள்வி: தாளவாடியில் எங்கள் தோட்டத்தில் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பனி இறங்குகிறது. மேலே சொல்லும் குளிர்கால முறைகள் எங்களுக்கும் தேவையா?
வாசகர், தாளவாடி

விடை: தேவையில்லை. உங்கள் மலையின் குளிர் எண்ணெயை இறுக்கும் குளிர் அன்று. அங்கே எதிரி ஈரம். துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டுச் சுவரில் மாட்டிவைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழலைத் தின்னும். உலர்ந்த பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டி வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ உலர்த்துங்கள்.

கேள்வி: குளிரில் எந்தத் தோட்டா நல்லது? என் தம்பி களிமண் தட்டுச் சுடும் பயிற்சிக்கு 24 கிராம் தோட்டா வாங்குகிறான். கோடையில் ஓடுகிறது, குளிர்காலத்தில் ஓடவில்லை.
வாசகர், கரூர்

விடை: 24 கிராம் ரவையுள்ள தோட்டா உதை குறைவாக இருப்பதற்கென்றே செய்யப்பட்டது, அரைத் தானியங்கியை ஓட்டும் பலம் அதில் எப்போதுமே எல்லையோரத்தில்தான் இருக்கிறது. குளிர்ந்த மருந்து சற்று மெதுவாக எரிந்து, அழுத்தமும் வேகமும் குறையும்போது அந்த எல்லையையும் தாண்டிவிடுகிறது. 32 கிராமோ அதற்கு மேலோ உள்ள தோட்டாவைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் குழலில் பொறித்திருக்கும் அறை நீளத்துக்கு மேற்பட்ட தோட்டாவைப் போடக் கூடாது. 70 மில்லிமீட்டர் அறையில் 76 மில்லிமீட்டர் தோட்டா நுழைவதுபோல் நுழைந்து, வெடிக்கும்போது விரிவதற்கு இடமின்றி அழுத்தத்தை ஏற்றிவிடும். புதுத் துப்பாக்கியானால் முதலில் கனமான தோட்டாக்களைச் சுட்டுப் பாகங்களைப் பழக்கிய பிறகு லேசானவற்றுக்கு இறங்குவது வழக்கம்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாத்து வேட்டைக்கு ஈயரவை கூடாது என்பதால் எஃகு ரவைத் தோட்டாவே பெரும்பாலும் பயன்படுகிறது. அதன் வேகம் கூடுதல் என்பதால் துப்பாக்கியின் ஓட்டத்துக்கு அது உதவியாகவே இருக்கும். பழைய குழலாக இருந்தால், அதன் சோக் (குழல் முனையின் குறுக்கம்) எஃகு ரவைக்கு ஏற்றதா என்று ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிக்கொள்வது அவசியம். தோட்டாக்களையும் துப்பாக்கியோடு சேர்த்துக் குளிரிலேயே வைத்திருப்பது நல்லது என்றாலும், சட்டைப்பையின் உட்புறத்தில் வைத்தால் குற்றம் ஒன்றுமில்லை. ஈரம் மட்டும் படக் கூடாது.

கேள்வி: உறைந்த போல்ட்டை ஹேர் டிரையரால் சூடேற்றலாமா? வெந்நீர் ஊற்றலாமா?
வாசகர், பொள்ளாச்சி

விடை: வெந்நீர் கூடவே கூடாது, இன்று இளகியது நாளை இரட்டிப்பாக உறையும். டிரையரால் இளக்கலாம், ஆனால் காலி செய்துவிட்டு. போல்ட் உறைந்து திறக்கவே வராமல் உள்ளே தோட்டா இருந்தால் எந்தச் சூடும் காட்டாமல், சுத்தியலால் தட்டாமல், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துத் தானாக இளகவிட வேண்டும். இளகியதும் கழற்றி உலர்த்தாமல் மீண்டும் குளிருக்கு எடுத்துச் செல்வதில் பொருளில்லை.

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் இருக்கிறான். "அப்புச்சி, பனியில் வழுக்கி விழுந்தேன், குழல் முனை பனிக்குள் குத்திக்கொண்டது, தட்டிவிட்டுச் சுட்டேன்" என்று போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வாசகர், திருச்செங்கோடு

விடை: உங்களுக்குச் சிரிப்பு வராதது சரியே. இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே இதுதான் கவலைக்குரியது, ஏனென்றால் மற்றதெல்லாம் துப்பாக்கி சுடாமல் போவதைப் பற்றியவை. 12 போர் குழல் சுமார் 18.5 மில்லிமீட்டர் அகலமும் மெல்லிய சுவரும் உடையது. அதன் முனையில் பனியோ சேறோ அடைத்துக்கொண்டிருக்கும்போது சுட்டால், அதி வேகத்தில் வரும் ரவைக்கூட்டம் அந்த அடைப்பில் மோதும் இடத்தில் குழல் வீங்கலாம், பிளக்கலாம். முன்கட்டையைத் தாங்கும் கை அந்த இடத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. மிருதுவான பனிதானே, சுட்டால் பறந்துவிடும் என்று நினைப்பது தவறு.

பேரனுக்கு இதைச் சொல்லுங்கள். விழுந்தாலோ, முனை எதிலாவது பட்டாலோ, முதலில் பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு, அறையையும் தோட்டாக் குழாயையும் காலி செய்து, போல்ட்டைத் திறந்து நிறுத்த வேண்டும். பிறகு அறைப்பக்கம் வழியாகக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல மாதிரிகளில் அதற்குக் குழலைக் கழற்ற வேண்டிவரும், சில நிமிட வேலைதான். முனைப்பக்கமிருந்து கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. குழலில் பனி இருந்தால் வாயால் ஊதவும் கூடாது, மூச்சின் ஈரம் அங்கேயே உறையும். குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைப்பதற்கான, பையில் மடித்து வைக்கக்கூடிய புல்த்ரூ கயிறு ஒன்றும் உலர்ந்த துணியும் இருந்தால் அறைப்பக்கமிருந்து இழுத்து ஒரே இழுப்பில் சுத்தம் செய்துவிடலாம். அடுத்த முறை போனில் பேசும்போது, அந்தக் கயிறு பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது வரும்வரை வேட்டைக்குப் போக வேண்டாம் என்று அப்புச்சியாகவே சொல்லிவிடுங்கள்.